நான் எறிந்த உறைகள்

தபால்தலை சேர்க்கிறேன் என்று சொன்னால், "எத்தனை நாடு வெச்சிருக்கீங்க?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் நானும் எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எண்ணுவதில்லை. ஐம்பது வருடம் சேர்த்த பிறகு மனத்தில் நிற்பது ஆல்பத்தில் இருப்பவை அல்ல, பன்னிரண்டு வயதில் நானே குப்பையில் போட்டவை.

அது 1972. அப்பா திண்டுக்கல்லில் ஒரு புகையிலைக் கிட்டங்கியில் கணக்கெழுதினார். வந்த கடிதத்தைப் படித்துப் பதில் போட்டதும், உறையோடு சேர்த்துச் சுவரில் தொங்கும் கம்பியில் குத்திவிடுவார். கம்பி நிறைந்ததும் பழைய கட்டு என் கைக்கு வரும். புகையிலை நெடி அடிக்கும் அந்தக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, கத்தரிக்கோலால் ஒவ்வோர் உறையின் வலது மூலையை மட்டும் வெட்டுவேன். மிச்சம் அடுப்பெரிக்கப் போகும்.

வெட்டிய மூலைகளை ஊறப்போடுவதே ஒரு சடங்கு. எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் ஊறினால் காய்ந்த பிறகு தபால்தலையில் வெள்ளை பூத்துவிடும். அதனால் குடிக்கப் பிடித்து வைத்த ஆத்தூர்த் தண்ணீரில் ஒரு டம்ளர் திருடுவேன். கால் மணி நேரத்தில் பசை இளகி, தபால்தலை தானாக நழுவி மேலே வரும். அதுவரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு உரித்தால் முதுகுத்தோல் கழன்றுவிடும். செய்தித்தாளில் குப்புறப் போட்டு உலர்த்தி, நோட்டுக்குள் வைத்து அம்மிக்கல்லைப் பாரம் ஏற்றினால் மறுநாள் சலவைத் துணி மாதிரி விறைப்பாக இருக்கும்.

உலக நாடுகளை எனக்கு அறிமுகம் செய்தது புவியியல் பாடமல்ல, நான் தபால்தலை ஊறப்போட்ட தட்டுதான். கடையில் விற்ற தபால்தலைப் பொட்டலங்களிலிருந்து 'மாகியார்' வந்தது, அது ஹங்கேரி. 'ஹெல்வெட்டியா' சுவிட்சர்லாந்து. 'சுவோமி' பின்லாந்து. பெயரே போடாமல் ராணியின் தலையை மட்டும் அச்சிட்டிருந்தால் அது பிரிட்டன். 1840 மே மாதம் உலகின் முதல் ஒட்டுத் தபால்தலையான 'பென்னி பிளாக்' அங்கேதான் வெளிவந்தது. அன்றைக்கு வேறு நாட்டுத் தபால்தலை எதுவும் இல்லாததால் பெயர் போடத் தேவை இருக்கவில்லை. அந்தச் சலுகையை அவர்கள் இன்றுவரை விடவில்லை.

பொட்டலத்தில் அடிக்கடி கிடைத்தவை அஜ்மான், ஃபுஜைரா, உம் அல் குவைன் என்ற பெயர் தாங்கிய பெரிய, பளபளக்கும் தபால்தலைகள். குதிரை, பூனை, விண்வெளி வீரர் என்று எல்லாம் இருக்கும். ஒருநாள் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் மூலையில் கச்சிதமாகத் தபால் முத்திரை. பின்பக்கம் பசை அப்படியே இருந்தது. கடிதத்தில் ஒட்டாமலேயே எப்படி முத்திரை விழுந்தது? கேட்க ஆளில்லாமல் நோட்டில் ஒட்டி வைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து ஆள் கிடைத்தார். ரயில்வே அஞ்சல் பிரிவில், ஓடும் ரயிலில் நின்றுகொண்டே கடிதம் பிரித்து ஓய்வு பெற்றவர். சார்ட்டர் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். என் நோட்டை முழுதும் புரட்டிவிட்டு மூடினார்.

"தம்பி, எல்லாத்துக்கும் தலையை மட்டும் வெட்டி வெச்சிருக்கியே. உடம்பெல்லாம் எங்கே?"

"எரிச்சாச்சுங்க ஐயா."

அவர் திட்டவில்லை. உள்ளே போய் ஒரு பழைய உறையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "படி" என்றார். விலாசத்தைப் படித்தேன். "அது தபால்காரருக்கு. நீ மத்ததைப் படி" என்றார்.

அன்று தொடங்கிய பாடம் இது. ஓர் உறையை எடுத்தால் ஐந்து கேள்வி கேட்க வேண்டும். எங்கே போட்டது? எந்தத் தேதி? எந்த வழியாக வந்தது? எவ்வளவு கட்டணம், அது சரியா? வழியில் யார் யார் தொட்டார்கள்? முதல் இரண்டுக்கும் தபால்தலை மேல் விழுந்த முத்திரை பதில் சொல்லும். மூன்றாவதற்கு உறையின் முதுகைப் பார்க்க வேண்டும். பழைய உறைகளில் வழியில் கைமாறிய நிலையமும் கொடுத்த நிலையமும் பின்னால் முத்திரை வைத்திருக்கும். ரயில் பெட்டியில் பிரிக்கப்பட்ட கடிதத்தில் அந்தப் பிரிவின் முத்திரை இருக்கும். திருச்சியிலிருந்து மதுரைக்குத் திண்டுக்கல் வழியாக ரயில் வந்தது 1875-இல். அதன்பின் கொடைக்கானல் கடிதங்கள் இன்று கொடை ரோடு எனப்படும் அம்மையநாயக்கனூர் வரை ரயிலில் வந்து, மலைமேல் ஆள் சுமந்து ஏறின. இரண்டு முத்திரைகளின் தேதியைக் கழித்தால் மலையேற்றத்துக்கு எத்தனை நாள் ஆனதென்று தெரியும். மூலையை மட்டும் வெட்டினால் இந்தக் கணக்கு கையில் நிற்காது; அரைவட்ட முத்திரையும் பாதி ஊர்ப் பெயரும்தான் மிஞ்சும்.

இந்தப் பாடம் தெரிந்த பிறகுதான் 1972-இல் நான் எரித்தவை என்னவென்று புரிந்தது.

1971-இல் கிழக்கு வங்கத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் அகதிகளாக வந்தார்கள். அந்தச் செலவுக்காக அந்த நவம்பர் 15 முதல் கடிதங்களுக்குக் கூடுதலாக 5 பைசாத் தபால்தலை ஒட்டச் சொன்னது அரசு. தனித் தபால்தலை அச்சாகி வரும்வரை, குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரத்துக்கான 5 பைசாத் தபால்தலையின் மேலேயே 'அகதிகள் நிவாரணம்' என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். சில ஊர்களில் அதற்கும் காத்திருக்காமல் ரப்பர் முத்திரை செய்து அடித்துக்கொண்டார்கள். 1973 மார்ச் வரை இது நடந்தது. கிட்டங்கிக்கு வந்த உறைகளில் எத்தனையோ இருந்திருக்கும். எனக்கு அது அழகில்லாத சின்னத் தபால்தலை. பெரியதை வெட்டிக்கொண்டு இதை அடுப்புக்குக் கொடுத்தேன்.

1972 மே 22 அன்று சிலோன் ஸ்ரீ லங்கா ஆனது. 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தோட்டத் தொழிலாளர்கள் இங்கே வந்துகொண்டிருந்த காலம் அது. ஆங்கிலத்தில் நாட்டின் பெயர் மாறியது. தபால்தலையில் தமிழில் இருந்த 'இலங்கை' மட்டும் மாறவே இல்லை. அந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே கையெழுத்தில் அங்கிருந்து வந்த இரண்டு உறைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒரு குடும்பத்தின் வரலாறு அது. என்னிடம் மூலைகள்தான் இருக்கின்றன. எழுதியவர் யார், எந்தத் தோட்டம் என்பது போய்விட்டது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வந்தது. அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்த நம் திண்டுக்கல்லுக்கு, மதுரையின் 625-ஐ ஒட்டி 624. தலைமை அஞ்சலகம் 624001, கொடைக்கானல் 624101, பழனி 624601. தனி மாவட்டமானது 1985-இல்தான். 'திண்டுக்கல்' என்று மட்டும் எழுதிப் பழகிய கை, முதன்முதலாகத் தயங்கித் தயங்கி ஆறு எண்களை எழுதிய உறைகள் அந்தக் கம்பியில் குத்தப்பட்டுத்தான் இருந்தன. எண் இருந்தது கீழ்ப்பக்கம். நான் வெட்டியது வலது மேல்மூலை.

சேகரிப்பாளன் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. தபால்தலையை யார் வெளியிடலாம்? அச்சு எந்திரமும் ஓவியரும் இருந்தால் போதுமா? வெளியிட்டவர் வாக்கை அடுத்த ஊர்க்காரர் ஏற்றுக் கடிதத்தை வாங்கிக்கொண்டால்தான் அது தபால்தலை என்பது என் தீர்ப்பு.

இதைப் புரிந்துகொள்ள நாம் வெகுதூரம் போக வேண்டாம். கம்பம் பள்ளத்தாக்கைத் தாண்டிக் குமுளி ஏறினால் திருவிதாங்கூர். ஆங்கிலேயர் பகுதியில் நாம் 'தபால்' என்றதை அங்கே 'அஞ்சல்' என்றார்கள். மணி கட்டிய கோலோடு அஞ்சலோட்டக்காரர் ஓடினார். 1888-இல் அந்த சமஸ்தானம் வலம்புரிச் சங்கு பொறித்த தபால்தலையைச் சக்கரம் என்ற தன் நாணய மதிப்பில் வெளியிட்டது. 28 சக்கரம் ஒரு ரூபாய். ஆனால் சங்குக்கு மரியாதை எல்லைக்குள் மட்டும்தான். கடிதம் மலையிறங்கி நம் பக்கம் வர இந்தியத் தபால்தலையும் வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒட்டிய உறையைச் சார்ட்டர் ஐயா ஒருமுறை காட்டினார். இரண்டு அரசுகள் ஒரே காகிதத்தில் தோளுரசிக்கொண்டு நின்றன. சங்கை மட்டும் ஊறவைத்து எடுத்திருந்தால் அந்த எல்லைக்கோடு தண்ணீரோடு போயிருக்கும். அந்த அஞ்சல் 1951 ஏப்ரல் 1 அன்று இந்திய அஞ்சல் துறையில் கலந்தது. பெயரைப் பாருங்கள்: நிறுவனம் கரைந்தது, 'அஞ்சல்' என்ற சொல் இன்று தமிழ்நாட்டின் ஒவ்வொரு அஞ்சலகப் பலகையிலும் இருக்கிறது.

புதுச்சேரியில் பிரெஞ்சு அரசு 1892 முதல் தனித் தபால்தலை வெளியிட்டது. பிறகு மதிப்பைப் பணத்திலும் காசிலும் போட்டது. 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். சிங்கப்பூர் இதற்கு நேர்மாறு. 1867 வரை அங்கே ஒட்டியவை இந்தியத் தபால்தலைகள்தாம். அதே விக்டோரியா, அதே அணா. 'பி 172' என்ற முத்திரை எண் இருந்தால்தான் அது சிங்கப்பூர் என்று தெரியும். முத்திரை அழிந்துபோனால் கடல் தாண்டிய தபால்தலையும் கல்கத்தாத் தெருவில் ஒட்டியதும் ஒன்றுதான். துபாயில் 1909-இல் திறந்ததும் இந்தியத் தபால் நிலையமே. இன்று நம் ஊர்ப் பிள்ளைகள் வேலைக்குப் போகும் ஊருக்கு, நம் தபால்தலை அவர்களுக்கு முன்பே போயிருக்கிறது.

என் சிறுவயதுப் புதிருக்கும் இங்கேதான் விடை. அந்த வளைகுடாச் சிற்றரசுகள் 1960-களில் வெளிநாட்டு முகவர்களோடு ஒப்பந்தம் போட்டு, அனுப்பும் கடிதங்களைவிட எத்தனையோ மடங்கு தபால்தலை அச்சிட்டன. அச்சிடும்போதே முத்திரையும் சேர்ந்து விழுந்தது. சேகரிப்பாளர்கள் பாஷையில் அது 'சி.டி.ஓ.', கேட்டபடி முத்திரையிட்டுக் கொடுத்தது. 1971 டிசம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் உருவானதும் இந்தக் கடை கொஞ்சம் கொஞ்சமாக மூடியது. இன்னொரு கோடியில் ஆசாத் ஹிந்த் தபால்தலைகள். இரண்டாம் உலகப் போரின்போது நேதாஜியின் இயக்கத்துக்காக பெர்லினில் அச்சானவை. ஒரு கடிதத்திலும் ஒட்டப்படவில்லை. முன்னது கடிதம் தேவைப்படாத வியாபாரம். பின்னது கடிதப் பைக்காகக் காத்திருந்த கனவு. இரண்டுக்கும் பசை ஒன்றுதான், ஆனாலும் இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

கைப்பழக்கமும் இப்போது மாறிவிட்டது. உறையை ஊறவைப்பதில்லை. பழைய தபால்தலைகள் சிலவற்றில், கழுவி மறுபடி ஒட்டுவதைத் தடுக்கவே கரையும் மை போட்டார்கள். தண்ணீர் பட்டால் நிறம் போய்விடும். குண்டூசி, ஸ்டேப்ளர் பின் எதுவும் கிட்டே வரக்கூடாது, துரு ஏறும். செல்லோடேப் அதைவிட மோசம்; பத்து வருடத்தில் பழுப்புப் பட்டையாகக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். லேமினேஷன் செய்துகொண்டு பெருமையாக வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஆல்பத்தைத் திறப்பதே இல்லை. தை பிறந்ததும் நிழலில் காற்றாட வைப்பேன். கம்பி குத்திய ஓட்டையோடு வரும் உறைகளை வியாபாரிகள் கழித்துவிடுவார்கள். நான் வாங்குகிறேன். அந்த ஓட்டை, கடிதத்தைப் படித்தார்கள், பதில் போட்டார்கள் என்பதற்கான ரசீது.

ஊரோடு தொடர்புள்ள தபால்தலைகளும் என்னிடம் உண்டு. விருப்பாட்சியில் கோபால நாயக்கர் ஆதரவில் தங்கியிருந்த வேலு நாச்சியாருக்கு 2008-இல் வந்தது, 2006-இல் வந்த குறிஞ்சிப் பூ. அழகானவைதான். ஆனால் குறிஞ்சித் தபால்தலையைத் தனியே வைத்திருப்பதைவிட, அதை ஒட்டிக் கொடைக்கானலில் போட்டு வந்த ஓர் உறைக்குத்தான் என் ஸ்டாக் புக்கில் முன்பக்க இடம்.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. 2013 ஜூலையில் தந்தி நின்றது. 2025-இல் பதிவுத் தபால் விரைவு அஞ்சலோடு இணைந்துவிட்டது. டென்மார்க்கின் அரசு அஞ்சல் நிறுவனம் 2025 முடிவோடு கடிதம் கொடுப்பதையே நிறுத்திக்கொண்டது. இனி வரும் உறைகள் குறைவு, இருப்பவைதான் இருப்பு. அவற்றில் பெரும்பகுதி அஞ்சலகத்திலோ அருங்காட்சியகத்திலோ இல்லை. பேகம்பூர்த் தோல் கிடங்குகளிலும் நாகல் நகர் வீட்டுப் பரண்களிலும் பெட்டிக்கடியிலும் கிடக்கின்றன. வீடு இடிக்கும்போது பழைய பேப்பர்காரரிடம் கிலோ கணக்கில் போகின்றன.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு கட்டு இருந்தால், என்னைப் போன்றவர்களுக்குக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. அது உங்கள் தாத்தாவின் கையெழுத்து, உங்களிடமே இருக்கட்டும். கடிதத்தை உறையிலிருந்து பிரிக்காதீர்கள். நூலை அவிழ்த்து ஒரு காகிதப் பெட்டியில் தட்டையாக வையுங்கள். தபால்தலை கேட்டு வீட்டுப் பிள்ளை வந்தால், கத்தரிக்கோலைக் கொடுக்காமல் உறையைத் திருப்பிக் காட்டுங்கள்.