லாரிச் சக்கரமும் நம்மூர்ப் பீங்கானும்



என்னிடம் படித்து, இன்று சொந்தமாகப் பத்துச் சக்கர லாரி வைத்திருக்கும் ஒருவர், "சார், இரும்பு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அலுமினியம் போடலாமா?" என்று கேட்டார். விருத்தாசலம் பக்கம் லாரியை நம்பி வாழும் நம் பிள்ளைகள் பலர் இருப்பதால், பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் லாபக் கணக்கு. 22.5 அங்குல இரும்பு டிஸ்க் சுமார் 35 முதல் 40 கிலோ இருக்கும். அதே அளவு அலுமினிய டிஸ்க் 20 முதல் 25 கிலோதான். பத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 150 கிலோ மிச்சம். 2018 முதல் பத்துச் சக்கர லாரிக்கு மொத்த எடை 28.5 டன் வரை அனுமதி. மிச்சமான எடைக்குச் சரக்கு ஏற்றலாம்.

அடுத்தது உறுதி. நம்மூர்ப் பீங்கான் பொம்மை விழுந்தால் வளையாது, உடையும். இரும்பு வளைந்து காட்டும். ஆனால் இரும்பும் பீங்கான் போல உடைவதுண்டு. லாரிச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 300 முறை சுற்றும். 200 கிலோமீட்டருக்கு 60,000 முறை. ஒவ்வொரு சுற்றிலும் பாரம் டிஸ்க்கை அழுத்தி விடுகிறது. போல்ட் துளை ஓரத்தில் மயிரிழை விரிசல் விழுந்து, வளர்ந்து, ஒருநாள் பட்டென்று விட்டுவிடும். இதுதான் உலோகச் சோர்வு. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் ரயில் அச்சுகளை வைத்து இதை ஆராய்ந்தார்.

இரும்புக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குள் நிற்கும் பாரத்தைக் கோடி முறையும் தாங்கும். ஓவர்லோடு ஏற்றினால் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறோம். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை இல்லை. அது எளிதில் வளைந்தும் கொடுக்கும். அதனால் தடிமனாகச் செய்கிறார்கள். பழைய போல்ட்டின் நீளம் அதற்குப் போதாமல் போகலாம். அதையும் மாற்றாமல் டிஸ்க்கை மட்டும் மாற்றுவது ஆபத்து.

இன்னொன்று. டயர் தீப்பிடித்துச் சூடேறிய அலுமினிய டிஸ்க் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். உள்ளே வலு போயிருக்கும். அதைக் கழித்துவிட வேண்டும். இரும்பிலோ, விரிசல் இருந்தாலும் நட்டு தளர்ந்தாலும் பெரும்பாலும் துருக்கோடு வழிந்து காட்டிக்கொடுக்கும்.

ஆகவே நல்ல சாலையில் தொலைதூரம் போய், டன் கணக்கில் வாடகை வாங்குபவர்களுக்கு அலுமினியம் சரி. கரும்புக் கொல்லைக்கும் குவாரிக்கும் போகும் வண்டிக்கு இரும்பே போதும்.

எதுவானாலும் விரிசல் விட்ட டிஸ்க்கை வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள். சக்கரம் கழற்றி மாட்டினால், 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி சரியான அளவுக்கு முறுக்குங்கள். கழன்று ஓடும் சக்கரம் எதிரே வருபவர் யாரென்று பார்க்காது.

லாரி வைத்திருக்கும் நண்பர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.