பத்தில் எட்டு

அப்பத்தாவுக்குப் பேரப்பிள்ளைகள் பத்துப் பேர். எட்டு ஆண். "நம்ம வம்சத்துக்கு ஆம்பளப் பிள்ளைதான்டா" என்பார். காலேஜில் புள்ளியியல் படித்த திமிரில் ஒருநாள் கணக்குப் போட்டேன். ஆணும் பெண்ணும் பாதிப்பாதி என்று வைத்துக்கொண்டால், பத்தில் எட்டோ அதற்கு மேலோ ஆணாகப் பிறக்க 1024-இல் 56 வாய்ப்பு. 5.5 சதவீதம். (நிஜத்தில் ஆண் பிறப்பு கொஞ்சம் கூடுதல்தான். லண்டன் ஞானஸ்நானப் பதிவுகளில் 82 வருடமும் அப்படியே இருந்ததை 1710-இல் ஜான் ஆர்பத்னாட் காட்டிவிட்டார்.) வழக்கமான 5 சதவீதத்துக்குக் கீழே போகவில்லை, ஆகவே 'தற்செயல்' என்பதைத் தள்ள முடியாது. இல்லாததை இருக்கிறது என்பது முதல்வகைப் பிழை, இருப்பதைத் தவறவிடுவது இரண்டாம்வகை, பத்தே பேரை வைத்துச் சோதித்தால் இரண்டாவதில் மாட்டுவது சுலபம் என்று அத்தையிடம் விளக்கிக்கொண்டிருந்தேன்.

அத்தை கீரை ஆய்ந்தபடியே சொன்னாள்: "நடுவுல ரெண்டு பொறந்துச்சுடா. பொட்டப்பிள்ளைக. அதுகள யாரும் எண்ணுறதில்ல."

சூத்திரம் கையில் கொடுத்த எண்ணைத்தானே சோதிக்கும்.

அன்றிரவு பன்னிரண்டில் எட்டு என்று மாற்றிப் போட்டேன். 19 சதவீதம். போட்டுப் பார்த்தேன் என்பதே இப்போது கூசுகிறது. யாருடைய பிள்ளைகள் என்று அத்தையிடம் இன்னும் கேட்கவில்லை.