சத்தத்துக்கு முதல் மீற்றர்

எங்கட ஊர்ப் பெடியளுக்கு பிக்கப் அப்கிரேட் எண்டால் சைலன்சர் சத்தம்தான். என்ர தம்பிக்கும் அதே ஆசை. அப்பாவுக்கோ புத்தூர் வெங்காயம் திருநெல்வேலிச் சந்தைக்கு விடியமுதல் போய்ச் சேரவேணும்.

எங்கட மிற்சுபிசி எல்200 பழசு: 2,477 சிசி ரேர்போ டீசல். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் திரும்பத் தொடங்கினாலும் வரியோடு சேர்ந்த விலை எங்களுக்கு எட்டாது. இருக்கிறதைத்தான் காப்பாற்றவேணும்.

ரேர்போவில் வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டில் உள்ள மற்றச் சக்கரம் காற்றை அமத்தி எஞ்சினுக்குள் தள்ளும். வலிகாமத்துச் செம்மண் தூசி எயார் பில்டரை அடைச்சால் காற்று குறையும். டீசல் முழுசா எரியாமல் கரும்புகை வரும், புகையின் சூடும் ஏறும். இந்த எஞ்சினின் சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூடு மிஞ்சினால் வெடிப்பு விழும். டாஷ்போட்டில் உள்ள ஊசி தண்ணிச் சூட்டை மட்டும்தான் காட்டும். லோட்டோடு அமத்தி ஓடேக்க புகைச்சூடு அதைவிடக் கெதியா ஏறிவிடும்.

அதனால் என்ர வரிசை இது: முதலில் பூஸ்ட் மீற்றரும், ரேர்போவுக்கு முன்னால் புகைச்சூடு பார்க்கிற மீற்றரும். பிறகு நல்ல பில்டர், ஓட்டையில்லாத ஹோஸ். கடைசியாகத்தான் அகலமான சைலன்சர் குழாய்.

"மீற்றரை ஆரக்கா றோட்டில பாக்கப்போறாங்கள்?" எண்டான் தம்பி. ஓட்டுறவன் பார்த்தால் போதும். அந்த வெங்காயக் காசிலதான் நான் கம்பஸ் போறன்.