ஏலத்தில் எடுத்த ஜீப்

எங்க வளவுக்குள் ஜீப் சத்தம் கேட்டால் ஆம்பளைகள் ஓட வேண்டும். யார் வந்திருக்கிறார்கள், எதற்கு வந்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. ஓடிவிட்டு அப்புறம் விசாரிக்க வேண்டும். தோட்டத்தில் மோட்டார் காணாமல் போனாலும், தேங்காய் களவு போனாலும், டீக்கடையில் ஊர்ப் பையனோடு எங்க பையன் ஒரு வார்த்தை கூடப் பேசிவிட்டாலும் ஜீப் எங்க பக்கம்தான் திரும்பும். எங்க தாத்தா ஓடியிருக்கிறார். எங்கய்யன் ஓடியிருக்கிறார். நானும் டவுசரைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

1999இல் நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருசம் ஜூலை 23ஆம் தேதி திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளிகள் கூலி கேட்டு ஊர்வலம் போனார்கள். போலீஸ் அடித்து விரட்டியதில் தாமிரபரணி ஆற்றுக்குள் 17 பேர் செத்தார்கள். கைக்குழந்தை ஒன்றும் அதில் உண்டு. வளவில் டிவி இருந்த ஒரே வீட்டு வாசலில் நின்று அதைப் பார்த்தோம். "தண்ணிக்குள்ள ஓடினா உட்டுருவாங்கன்னு நெனச்சேன்டா" என்று ஆத்தா சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. எங்களுக்கும் ஓடுகிற இடம் ஆறுதான். மங்கலம் நொய்யல் கரையில் இருக்கிற ஊர்.

அதற்கு மூணு நாலு மாசம் கழித்து ஒரு ராத்திரி ஜீப் வந்தது. சைரன் போட்டுக்கொண்டு வந்தது. விளக்கு வெளிச்சம் வளவு முனையில் திரும்பியதுமே ஆம்பளைகள் எல்லாம் கரையை நோக்கி ஓடினார்கள். எங்கய்யன் பனங்காட்டு வழியாக இறங்கி ஆற்றுக்குள் குதித்தார். சாயத்தண்ணி ஓடின காலம் அது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போடுகிற வரைக்கும் ஆறு ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொரு நிறத்தில் ஓடும். உள்ளே என்ன கிடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. உடைந்த பாட்டில் ஒன்று அய்யன் குதிகாலைப் பிளந்தது. விடிகிற வரை அந்தத் தண்ணிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

அந்த ஜீப்பில் போலீஸ்காரர் ஒருத்தர்கூட இல்லை. ஒரு டிரைவர், ஒரு தறிக்குடோன் மேஸ்திரி, அவ்வளவுதான். தறிக்குடோன் முதலாளி, எங்க ஆட்கள் 'பண்ணாடி' என்று கூப்பிட வேண்டிய சாதிக்காரர், போலீஸ் கழித்துவிட்ட ஜீப்பை ஏலத்தில் எடுத்திருந்தார். அய்யன் அவரிடம் அக்கா சீருக்காக 6000 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார். வேறொரு குடோனில் மீட்டருக்குக் கொஞ்சம் காசு கூடக் கிடைக்கிறது என்று அங்கே மாறிவிட்டார். அதற்காகத்தான் ஜீப்.

மறுநாள் காலையில் காலில் துணியைக் கட்டிக்கொண்டு அய்யன் பழைய குடோனுக்கே போய்ச் சேர்ந்தார். யாரும் அவரைப் பிடித்து இழுத்துப் போகவில்லை. தானாகத்தான் போனார். முன்பணத்தைக் காட்டி ஆளைக் கட்டிவைக்கக் கூடாது, அந்தக் கடனே செல்லாது என்று 1976ஆம் வருசமே கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டம் எங்க வளவுக்கு வந்து சேரவில்லை. அந்தச் சட்டத்தை அமல்படுத்த வேண்டிய அரசாங்கத்தின் ஜீப் வந்து சேர்ந்தது.

அந்த ஜீப்பை நான் பகலில் பல தடவை கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறேன். முன்கண்ணாடிக்கு மேலே 'காவல்' என்று எழுதியிருந்த பலகையின் மேல் ரெட் ஆக்சைடை ஒரு இழுப்பு இழுத்திருந்தார்கள். வெயில் பட்டுப் பட்டு ரெட் ஆக்சைடு வெளுத்து எழுத்து திரும்ப வெளியே வந்துவிட்டது. மறுபடி பூச அவருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. அரசாங்க வண்டிக்கு உரிய 'ஜி' எழுத்து நம்பர் பலகையும் ரொம்ப நாள் அப்படியே இருந்தது. சைரனைக் கழற்றவே இல்லை. அந்த ஜீப் சந்தைக்குப் போனது, கல்யாணத்துக்குப் போனது, போலீஸ் ஸ்டேசன் வாசலிலேயேகூடப் போய் நின்றது. யாரும் ஒரு கேள்வி கேட்டதாக எனக்குத் தெரியாது.

இதில் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிற விசயம் ஒன்று உண்டு. ரெண்டாவது தடவை அந்த ஜீப் வந்தபோது அது குடோன்காரர் ஜீப் என்று வளவு பூராவுக்கும் தெரியும். மேஸ்திரி மூஞ்சியும் தெரியும். தெரிந்தும் ஓடினோம். ஏன் ஓடினோம் என்று பிற்பாடு அய்யனைக் கேட்டேன். "இது அவங்க ஜீப்புன்னு ஓடாம நின்னு, அன்னிக்குன்னு பாத்து நெச ஜீப்பா இருந்துச்சுன்னா?" என்றார். இதற்கு நான் என்ன பதில் சொல்ல?

பிற்பாடு எம்.ஏ. தமிழ் படிக்கப் போனேன். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்ததைப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கினேன். எங்க வளவுக்கு வந்த தேர் எது என்று எந்தத் தாளிலும் கேட்கவில்லை. சட்டத்தை அமைப்பு வேலைக்கு வந்தபிறகுதான் படித்தேன். பொது ஏலத்தில் அரசு வண்டி எடுத்தவர் 30 நாளுக்குள் படிவம் 32இல் விண்ணப்பம் கொடுத்துத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 சொல்கிறது. சைரன் மாதிரி ஒலிகள் ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, வேலையில் இருக்கிற போலீஸ் வண்டி உள்ளிட்ட சில வண்டிகளுக்குத்தான் என்கிறது விதி 119. ராணுவத்தின் ஆலிவ் பச்சையை வேறு யாரும் பூசக் கூடாது என்கிறது விதி 121. அரசு ஊழியரின் அடையாளத்தை மோசடியாகத் தரித்துத் திரிவது இந்தியத் தண்டனைச் சட்டம் 171இன்படி குற்றம். 2024 ஜூலையிலிருந்து அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 205. இத்தனையும் 1999இலேயே ஏதோ ஒரு பிரிவில் இருந்தவைதான். குடோன்காரர் மேல் ஒன்றும் பாயவில்லை.

இப்போது என் சித்தப்பா மகன் கதைக்கு வருகிறேன். அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தம்பி மெக்கானிக். பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்று பார்த்தான், பிடிக்கவில்லை, ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டான். 2021இல் 'கழிவு செய்யப்பட்ட காவல் வாகனங்கள் பொது ஏலம்' என்று பேப்பரில் ஒரு துணுக்கு வந்தது. முன்வைப்புத் தொகையைக் கட்டிவிட்டு ஆயுதப்படை மைதானத்துக்குப் போனான். நானும் கூடப் போனேன். வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள் ஜீப், வேன், பொலிரோ, பைக் என்று. ஒரு வேனின் சன்னல்களில் கல்லடி வலை அப்படியே இருந்தது. அதன் கம்பியைப் பிடித்துப் பார்த்தேன். இதற்குள் யார் யாரெல்லாம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு போனார்களோ என்று தோன்றியது. ஏலம் கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் பழைய இரும்பு வியாபாரிகள், ஒருத்தரை ஒருத்தர் நன்றாகத் தெரிந்தவர்கள். "நீ எதுக்குத் தம்பி வெயில்ல நிக்கற?" என்று ஒருத்தர் பாசமாகக் கேட்டார்.

தம்பி ஒரு பொலிரோவைக் கேட்டு எடுத்துவிட்டான். ஏலத்தொகை, அதுக்கு மேலே ஜி.எஸ்.டி., எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துச் சொச்சம். சித்தி மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கொடுத்தார். 30 நாளுக்குள் பேர் மாற்றினான், புது நம்பர் வாங்கினான், இன்சூரன்ஸ் கட்டினான். எங்க சாதியில் எதைச் செய்தாலும் காகிதத்தை முதலில் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான்தான் அவன் உயிரை வாங்கினேன்.

எஞ்சினைப் பிரித்து மாட்டிவிட்டான். ஆனால் கதவில் ஒரு பிரச்சினை. ஸ்டிக்கரை உரித்துப் பெட்ரோல் போட்டுத் துடைத்தும் 'காவல்' என்கிற எழுத்து போகவில்லை. வருசக்கணக்காக ஸ்டிக்கருக்கு அடியில் வெயில் படாததால் அந்த இடத்துப் பெயிண்ட் மட்டும் வெளுக்காமல் நின்றுவிட்டது. ஸ்டிக்கர் இல்லாமலே எழுத்து இருந்தது. கதவு முழுக்கப் பெயிண்ட் அடிக்கக் கையில் காசில்லை, தீபாவளி கழித்து அடித்துக்கொள்ளலாம் என்றிருந்தான்.

வண்டி வந்த அன்றைக்கு வளவில் ஒரு கிழவரும் கிட்டே வரவில்லை. ஆத்தா திண்ணையிலிருந்தே பார்த்துவிட்டு, "இதை எதுக்குடா வூட்டுக்கு ஓட்டிட்டு வந்த?" என்று எங்க வீட்டுத் தெலுங்கில் திட்டினார். சின்னப் பையன்கள் மட்டும் ஏறிக் குதித்தார்கள்.

2023இல் ஒரு ராத்திரி ஆத்தாவுக்கு மூச்சிரைப்பு. தம்பி திருப்பூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பினான். வழியில் வாகனச் சோதனை. எந்த இடம், எந்த ஸ்டேசன் என்பது இங்கே வேண்டாம். டார்ச் வெளிச்சம் கதவில் விழுந்ததும் எழுத்து தெரிந்திருக்கிறது.

"வண்டி ஏதுடா?"

"ஏலத்துல எடுத்ததுங்க சார்."

"யாரு எடுத்தது?"

"நாந்தானுங்க."

"நீயா? எந்த ஊரு? ஊருல எந்தப் பக்கம்?"

கடைசிக் கேள்விக்கு அவன் பதில் சொன்ன பிறகு பேச்சின் மரியாதை இன்னும் ஒரு படி இறங்கியது. ஆர்.சி. புத்தகத்தைக் காட்டினான். அதை டூப்ளிகேட் என்றார்கள். ரோட்டோரம் தரையில் உட்கார வைத்தார்கள். ஆத்தா வண்டிக்குள். போனில் நான் பிரிவு பிரிவாகச் சொன்னேன். "வக்கீலா?" என்று எதிர்முனை கேட்டது. எம்.ஏ. தமிழ் என்றேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டார். நான் பைக்கை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அந்த ரெண்டு மணி நேரத்தில் முன்கண்ணாடியில் 'போலீஸ்' ஸ்டிக்கர் ஒட்டின சொந்தக் கார் ஒன்று அந்த வழியாகவே போனது. அதன் மேல் டார்ச் விழவில்லை. உள்ளே இருந்தவர் கையை மட்டும் லேசாகத் தூக்கினார்.

விட்டுவிட்டார்கள். சும்மா விடக் கூடாதல்லவா? பின் சீட்டில் இருந்த ஆத்தா சீட் பெல்ட் போடவில்லை என்று 1000 ரூபாய் ரசீது போட்டார்கள். பின் சீட்டில் பெல்ட்டே கிடையாது. அது போலீசில் இருக்கும்போதே அறுந்து போனது.

1929இல் பாபாசாகேப் அம்பேத்கர் தீண்டத்தகாதார் குறைகளை விசாரிக்கிற அரசுக் குழுவின் உறுப்பினராக சாலிஸ்காவ் போனார். அவரை ஏற்றிக்கொண்டு குதிரைவண்டி ஓட்ட வண்டிக்காரர்கள் மறுத்தார்கள். வண்டியை வாடகைக்குத் தரத் தயார், ஓட்டத்தான் தயாரில்லை. மகர் ஒருவர் முன்பின் பழக்கமில்லாமல் ஓட்டினார். பாலத்தில் சக்கரம் மாட்டி அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார், காலெலும்பு முறிந்தது. படித்த பட்டங்களும் அரசு உத்தரவும் அந்தப் பாலத்தில் உதவவில்லை. அந்தப் பக்கத்தைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு அய்யன் குதிகால்தான் ஞாபகத்துக்கு வரும். அது கடைசிவரை சரியாக ஆறவில்லை. மழைக்காலத்தில் இன்னும் நொண்டுகிறார்.

அமெரிக்காவில் ஓய்வு பெற்ற போலீஸ் கார்களை ஏலத்தில் எடுத்து டாக்சியாக ஓட்டுவது சர்வசாதாரணமாக இருந்தது. ஃபோர்டு கிரவுன் விக்டோரியா என்று ஒரு கார், அதன் உற்பத்தி 2011இல் நின்றுபோனது. அங்கேயும் எந்தக் கார் என்பதைவிட ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற கையின் நிறம்தான் கேள்வி. 2016 ஜூலையில் மினசோட்டாவில் பிலாண்டோ காஸ்டில் என்கிற கறுப்பின இளைஞரைக் காரை நிறுத்தச் சொல்லிச் சுட்டுக் கொன்றதை உலகம் முழுக்கப் பார்த்தது.

இனிமேல் தம்பியைப் போல இன்னொருத்தன் எடுப்பது கஷ்டம். 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருசம் தாண்டின அரசு வண்டிகளின் பதிவு செல்லாது, பதிவு பெற்ற உடைப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்று விதி வந்துவிட்டது. 2024 மே மாசம் சென்னையில் சொந்த வண்டிகளில் போலீஸ், பிரஸ், வக்கீல் என்று ஒட்டிக்கொள்வதற்கு எதிராகப் போக்குவரத்துப் போலீஸ் நடவடிக்கை எடுத்தது. நல்லதுதான். ஸ்டிக்கரைக் கிழிக்கலாம். கையைத் தூக்கினால் விடுகிற பழக்கத்தை எதைப் போட்டுத் துடைப்பார்கள் என்று தெரியவில்லை.

அந்த ராத்திரிக்குப் பிறகு தம்பி வண்டியை வித்துவிடுகிறேன் என்றான். ஆத்தாதான் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு ரெண்டு மணி நேரம் தனியாக அதற்குள் உட்கார்ந்திருந்ததில் அவருக்கு என்ன ஆனதோ. "காசு குடுத்தது நாம. எதுக்கு விக்கணும்?" என்றார். உப்புத்தாள் போட்டு எழுத்தைத் தேய்க்க ஆரம்பித்திருக்கிறான் தம்பி. 'கா' போய்விட்டது. மிச்சம் ஞாயிற்றுக்கிழமைகளில்.

போன வாரம் மழையில் ஆத்தாவை முன் சீட்டில் வைத்துக்கொண்டு ரெண்டு பேரும் சந்தைக்குப் போனோம். கூரையில் சுழல்விளக்கு இருந்த இடத்தில் நாலு ஓட்டை. ஒன்றிலிருந்து சொட்டுச் சொட்டாக அவர் தலையில் விழுந்தது. "போலீஸ் வண்டி ஒழுகுதுடா" என்று சொல்லி இறங்குகிற வரை சிரித்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் தம்பி எம்-சீல் வாங்கப் போனான்.