கப்பலில் வந்த உறவு

எங்கள் மாத்தளை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. கடலைக் காணாமலே வாழ்ந்து முடிந்தவர்கள் எங்கள் தோட்டத்து லயன்களில் எத்தனையோ பேர். ஆயினும் எங்கள் வீட்டில் கப்பல் என்ற சொல் காதில் விழுந்தால் அம்மா கைவேலையை நிறுத்திவிடுவார். 1972ஆம் ஆண்டு அவருடைய ஒரே அண்ணன் மனைவி மக்களோடு தலைமன்னாரில் கப்பலேறிப் போனார். அதன் பின் அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் கண்டதில்லை. மாமா கூடலூரில் காலமான செய்தி கடிதமாக எங்கள் கையில் கிடைத்தபோது பதினாறாம் நாட் சடங்கும் முடிந்திருந்தது.

ஆகவே 2023 மே மாதத்தில் மாமாவின் மகள், எங்கள் மதினி, "அத்தே, கப்பல்ல வர்றோம்" என்று தொலைபேசியில் அறிவித்தபோது, அம்மா திருப்பிக் கேட்ட முதற் கேள்வி, "ராமானுஜமா?" என்பதே. இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே அந்நாளில் ஓடிய கப்பலின் பெயர் அது. யுத்தம் தொடங்கிய 1980களின் நடுவில் அப்போக்குவரத்தே நின்றுபோயிற்று என்பதை அம்மா அறியாதவரல்லர். வாய் தானாகக் கேட்டுவிட்டது.

இது வேறு கப்பல். சென்னையிலிருந்து புறப்பட்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளைத் தொட்டுச் சென்னைக்கே திரும்பும் 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல். 2023 ஜூன் மாதத்தில் இச்சேவை ஆரம்பமாயிற்று. மதினியின் மகன் சென்னையில் நல்ல வேலையில் இருக்கின்றான். பிள்ளைகளின் விடுமுறைக்காகச் சீட்டு எடுத்தவன், தாய் பிறந்த நாடு என்ற எண்ணத்தில் அவரையும் சேர்த்துக்கொண்டான். ஆனால் தீவைப் பாதி சுற்றிவரும் அக்கப்பலுக்கு மாத்தளை எட்டாத ஊர். துறையில் இறங்குபவர்கள் சில மணி நேரத்தில் மீண்டும் ஏறிவிட வேண்டும். ஆதலால் நாங்களே வடக்கே போவதென்றும், நல்லூர்க் கந்தசுவாமி கோயில் வீதியில் சந்திப்பதென்றும் ஏற்பாடாயிற்று.

வாடகை வான் ஒன்றில் இரவு பத்து மணிக்குப் புறப்பட்டோம். யாழ்ப்பாணம் ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர். நாலந்தா, நாவுல, தம்புள்ளை, மிகிந்தலை, மதவாச்சி என்று நீளும் இவ்வீதியைப் பற்றி இங்கே சிறிது சொல்லியாக வேண்டும். 1820களில் ஆங்கிலேயர் கோப்பித் தோட்டங்களைத் திறந்தபோது, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து பஞ்சத்துக்கு அஞ்சியும் கடனுக்கு ஒளிந்தும் புறப்பட்ட எங்கள் முன்னோர், பாய்க்கப்பல்களில் மன்னார்க் கரையில் வந்திறங்கி, மதவாச்சி வழியாகக் காட்டுப்பாதையில் நடந்தே மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். ஆள்கட்டும் கங்காணி முன்னே போவான். தண்ணீரின்றியும் கொலராவினாலும் காய்ச்சலினாலும் விழுந்தவர்களை வழியிலே விட்டுவிட்டுக் கூட்டம் நகரும். மலைநாட்டின் வாசலாக அவர்களுக்கு முதலில் தென்பட்ட பட்டணம் மாத்தளை. ஊரின் முத்துமாரியம்மன் கோயிலை எங்கள் மக்கள் இவ்வளவு நெருக்கமாகப் பற்றிக்கொண்டிருப்பதன் காரணத்தை அந்நடைப்பயணத்தில்தான் தேட வேண்டும். பக்தி நூல்களில் அது அகப்படாது.

நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளை 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிற்று. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம், ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரைச் சந்தையில் தேங்காய் பிரிப்பதுபோல் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ள. அந்த மிச்சத்தையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். பிரிக்கப்பட்டவர்களின் சம்மதத்தை எவரும் கேட்டாரில்லை. எங்கள் குடும்பத்தில், ஒரே லயத்தின் அடுத்தடுத்த இரு காம்பராக்களிலிருந்து இரண்டு விண்ணப்பங்கள் போயின. அப்பாவின் வீட்டார் இலங்கைப் பிரசாவுரிமைக்கு எழுதினார்கள். மாமா இந்தியாவுக்கு எழுதினார். தங்கையும் அண்ணனும் இரு நாட்டவரானது இப்படித்தான். வழியனுப்பும் கூட்டத்தின் அழுகை ஓயாததால் தலைமன்னார் போகும் புகைவண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர் விழுந்தது.

மதவாச்சிச் சந்தியில், தலைமன்னார் வீதி இடப்புறம் பிரியும் இடத்தில், அம்மா வானை நிறுத்தச் சொன்னார். இறங்கவில்லை. கண்ணாடியைத் தாழ்த்தி இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, போ தம்பி" என்றார். சாரதி ஒரு சிங்கள இளைஞன். எதுவும் கேளாமல் வண்டியை எடுத்தான்.

நல்லூரில் அவர்களைச் சுமந்த பஸ் வருவதற்குப் பத்தரை மணியாயிற்று. ஒன்பது வயதுச் சிறுமியாகப் போன மதினி அறுபது வயதுக் கிழவியாக இறங்கினார். அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. மதினிதான் ஓடி வந்து, "அத்தே!" என்று கையைப் பிடித்தார். பிடித்த பிறகு இருவருக்கும் பேச்சு வரவில்லை. கொண்டுபோன பொட்டலங்களை அம்மா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார்: எங்கள் வீட்டு மிளகு, கிராம்பு, சாதிக்காய், ஒரு இறாத்தல் தேயிலைத்தூள். தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்த மதினிக்குத் தேயிலை கொண்டுபோனோம்! அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அதன் பின்னர்தான் பேச்சுப் பிறந்தது.

அந்தக் கப்பலில் தலைகளை எண்ணி எண்ணி ஏற்றியதும், மண்டபம் முகாமில் வரிசையில் நின்றதும் அவருக்கு நினைவிருந்தன. இந்தக் கப்பலில் நீச்சற்குளமும் நாடக அரங்கும் உண்டு என்று மருமகள் சொன்னாள். விடியற்காலையில் மேற்றளத்தில் நின்று தலைமன்னார் எந்தத் திசை என்று மதினி விசாரித்தாராம். கப்பல் அந்தப் பக்கமே போவதில்லை என்று ஒரு பணியாள் விளக்கினானாம். கட்டணம் எவ்வளவு என்று அம்மா கேட்டார். தொகையைக் கேட்டதும் அவர் எத்தனை பேர் என்று கணக்கிடத் தொடங்கினார். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர்; கொழுந்து குறைந்தால் அரைப்பேர். 2021இல் அரசு ஒரு பேருக்கு 1,000 ரூபா என்று நிர்ணயித்ததற்கே எங்கள் மக்கள் ஆண்டுக்கணக்கிற் போராட வேண்டியிருந்தது. கணக்கு முடியுமுன் பஸ்ஸின் குழல் ஒலித்துவிட்டது.

உழைப்பவனின் பிள்ளை நாலு துறை கண்டு மகிழ்வதை நாங்கள் வெறுப்பவரல்லர். அதற்கு அவனுக்கு உரிமை உண்டு. ஆனால் அவன் இறங்கிய காங்கேசன்துறையைச் சுற்றிலும், 1990இல் யுத்தத்தால் பெயர்க்கப்பட்ட வலிகாமம் வடக்கு மக்கள் தங்கள் காணிக்காகப் பல பத்தாண்டுகள் அலைந்திருக்கிறார்கள் என்பதைச் சுற்றுலா வழிகாட்டி சொல்லியிருப்பார் என்று நாங்கள் நம்பவில்லை. மருமகனிடம் நாங்கள் சொன்னோம். "தெரியாதே, சித்தப்பா" என்றான். உண்மையிலேயே வருந்தினான்.

பிரியும்போது மதினி ஒன்று கேட்டார்: "நம்ம லயம் இருக்கா, அத்தே?" இருக்கிறது, கூரைத் தகரம் மட்டும் மாறியிருக்கிறது என்றார் அம்மா.

இரண்டு மாதங்கள் கழிந்தன. முன்னோர் வந்து 200 ஆண்டுகள் நிறைவதை நினைவுகூர்ந்து, 'மாண்புமிகு மலையக மக்கள்' என்னும் பெயரோடு தலைமன்னாரில் ஜூலை இறுதியில் கிளம்பிய நடைபவனி, ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தது. அம்மா வீதியோரம் ஒரு முக்காலி போட்டு அமர்ந்திருந்தார். நடந்து வந்தவர்களில் சிங்களவரும் முஸ்லிம்களும் குருமாரும் இருந்தனர். வெடித்த பாதங்களோடு வந்த ஒரு பெண்ணுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, தலைமன்னாரில் இறங்குதுறை இருக்கிறதா என்று அம்மா விசாரித்தார்.

அவ்வாண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியதும், கடவுச்சீட்டு எடுக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றார். பிறப்புச் சான்றிதழில் தோட்டத்தின் பெயர் ஒருவிதம், அடையாள அட்டையில் இன்னொருவிதம். எழுபத்தெட்டு வயதில் சத்தியக் கடதாசி முடித்துக் கடவுச்சீட்டு கைக்கு வருமுன்னரே, சில நாள் ஓடிய அந்தக் கப்பல் நின்றுவிட்டது. 2024 ஆகஸ்டில் வேறொரு கப்பலோடு சேவை மீண்டும் ஆரம்பமான செய்தியைப் பத்திரிகையில் வாசித்துக் காட்டினோம். அம்மா அலமாரியைத் திறந்து கடவுச்சீட்டை எடுத்து, அதிலிருந்த தன் படத்தை வெகுநேரம் பார்த்தார். பின்னர், கூடலூரில் மழை எந்த மாதம் விடும் என்று மதினியிடம் கேட்டு வைக்கச் சொன்னார்.