பேரவ் வரைந்த தஸ்தயேவ்ஸ்கி

ரா. கிருஷ்ணையா மொழிபெயர்ப்பில் 'வெண்ணிற இரவுகள்' படித்த நாட்களில், அதை எழுதியவரை ஒரு கனவுக்கார இளைஞனாகவே மனதில் வைத்திருந்தேன். அது தப்பும் இல்லை. 1848-இல் அந்தக் கதை வெளியானபோது தஸ்தயேவ்ஸ்கிக்கு வயது 27. பிறகு நூலகத்தில் ரஷ்ய ஓவியங்களின் தொகுப்பு ஒன்றைப் புரட்டும்போது வசீலி பேரவ் வரைந்த அவரது உருவப்படம் வந்தது. அதில் இருந்தவர் முற்றிலும் வேறு ஆள்.

இந்த இருவருக்கும் நடுவில் என்னவெல்லாம் நடந்துவிட்டது! 1849-இல் கைது. டிசம்பர் குளிரில் செம்யோனவ் மைதானத்தில் துப்பாக்கிகளின் முன் நிறுத்தப்பட்டு, கடைசி நேரத்தில் தண்டனை மாற்றம். ஓம்ஸ்க் சிறையில் நான்கு ஆண்டுகள் கால் விலங்கு. வலிப்பு நோய், கடன், கடன்காரர்களுக்குப் பயந்து வெளிநாட்டு வாசம். 1871-இல் ஊர் திரும்பியவரை மறு ஆண்டு பேரவ் வரைந்தபோது அவருக்கு ஐம்பது வயது.

வரையச் சொன்னவர் பாவெல் த்ரெத்யகோவ் என்ற மாஸ்கோ வணிகர். தன் நாட்டு எழுத்தாளர்களின் முகங்கள் காலத்துக்கும் நிற்கவேண்டும் என்று தன் பணத்தைச் செலவழித்தவர். பேரவ் பீட்டர்ஸ்பர்க் வந்ததும் தூரிகையை எடுத்துவிடவில்லை. ஒரு வாரம் தினமும் வீட்டுக்கு வந்தார், பேசினார், வாதத்துக்கு இழுத்தார், கவனித்துக்கொண்டே இருந்தார். இதை எழுதிவைத்தவர் தஸ்தயேவ்ஸ்கியின் மனைவி அன்னா. எழுத்தின் யோசனையில் மூழ்கியிருக்கும் கணவரின் அறைக்குள் போய், ஒன்றும் பேசாமல் திரும்பிவந்துவிடுவாராம். தான் வந்துபோனது அவருக்குத் தெரிந்தே இருக்காதாம். அந்த முகத்தைத்தான் பேரவ் பிடித்துவிட்டார் என்கிறார்.

அன்னா என்றதும் பாசெல் நகரம் நினைவுக்கு வருகிறது. 1867-இல் அங்கே ஹோல்பைன் வரைந்த இறந்த கிறிஸ்துவின் முன் தஸ்தயேவ்ஸ்கி அசையாமல் நின்றார். வலிப்பு வந்துவிடுமோ என்று பயந்து அன்னாதான் அவரை அப்பால் அழைத்துப்போனார். அந்த ஓவியம் பிறகு 'அசடன்' நாவலுக்குள் வந்தது. ஓர் ஓவியத்தின் முன் அப்படி நிற்கத் தெரிந்தவரை வரைய, அப்படியே கவனிக்கத் தெரிந்த ஒருவர் கிடைத்தார்.

பேரவின் படத்தில் மேஜை இல்லை, பேனா இல்லை. தொளதொளத்த சாம்பல் கோட்டு, இருண்ட பின்னணி. பார்வை நம்மீது படுவதில்லை. விரல்கள் கோத்து முழங்காலைச் சுற்றி இறுகியிருக்கின்றன. முகம் அடங்கிக் கிடக்க, உள்ளே நடக்கும் போராட்டம் முழுக்க அந்த விரல்களில் தெரிகிறது. அதே 1872-இல் கிராம்ஸ்கோய் வரைந்த 'பாலைவனத்தில் கிறிஸ்து'வும் கல்மேல் கைகோத்துத்தான் உட்கார்ந்திருக்கிறார். அதையும் த்ரெத்யகோவ் வாங்கினார். 1881-இல் தஸ்தயேவ்ஸ்கி இறந்தபோது மரணப் படுக்கையில் அவர் முகத்தை வரைந்தவரும் கிராம்ஸ்கோய்தான்.

பேரவின் ஓவியம் இன்று மாஸ்கோவின் த்ரெத்யகோவ் காட்சியகத்தில் இருக்கிறது. நமக்கு அது பெரும்பாலும் புத்தக அட்டையாகத்தான் வந்துசேர்கிறது, அதுவும் தலையை மட்டும் வெட்டியெடுத்து. பதிப்பாளர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து அந்தப் படத்தை முழுதாகப் போடுங்கள். கைகள் இல்லாவிட்டால் அது பேரவ் பார்த்த தஸ்தயேவ்ஸ்கி இல்லை.