பந்து பார்க்கிற கண்ணாடி



2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரு கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டபடி சுட்டு, கலப்பு அணிப் போட்டியில் வெள்ளி வாங்கிய துருக்கிக்காரர் யூசுப் டிகெச்சை மறந்திருக்க மாட்டீர்கள். அவர் படம் நம் இறம்பொடை வாட்ஸ்அப் குழுக்களிலும் ஓடியதுதானே. அதை வைத்து எங்கள் தரம் 9 மாணவன் ஒருவன் என்னிடம் வாதாடினான்: "சேர், அவர் சும்மா கண்ணாடிதானே போட்டிருக்கார். நான் மட்டும் ஏன் கண்ணாடியோட விளையாட ஏலாது?"

அவனுக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் நான்கு. போன தவணை கண்ணாடி கிடைத்த பிறகுதான் கரும்பலகையே தெரிகிறது. ஆனால் வீட்டில், "உடைஞ்சா கண்ணு போயிரும், இனி கிரிக்கெட் வேணாம்" என்று சொல்லிவிட்டார்கள். கொழுந்து எடுக்கிற அம்மா சீட்டுக் காசில் வாங்கிக் கொடுத்த கண்ணாடி அது. அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை பாதி நாள் பாடசாலைக்கு வருவதே விளையாட்டுக்காகத்தான்.

யூசுப் சுட்டது 10 மீற்றரில் அசையாமல் இருக்கும் இலக்கை. தலையை நிமிர்த்தி நேரே பார்த்தால் போதும். பந்து விளையாட்டுக்குக் கிட்டத்தில் வருவது ட்ரேப் என்ற போட்டி. அதே பாரிஸில் புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்தைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் இந்தியாவுக்காக அதில் சுட்டார். (நம் தோட்டத்துப் பாட்டன் பூட்டன்மார் பலருக்கு ஊர் அந்தப் பக்கம்தான்.) 15 மீற்றருக்கு முன்னாலுள்ள குழியிலிருந்து சுமார் 11 சென்ரிமீற்றர் அகலத் தட்டு ஒன்று பாயும். எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டித் தெரியாது.

அதைச் சுடுகிறவர் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் பதித்துத் தலையைக் குனிந்திருப்பார். அப்போது கண் லென்ஸின் நடுவால் பார்க்காது, மேல் ஓரத்தால், மூக்குப் பக்கத்தால் பார்க்கும். பவர் கூடிய லென்ஸில் நடுவை விட்டு விலகினால் உருவம் மங்கும், கொஞ்சம் இடமும் மாறித் தெரியும். சாதாரண பிரேமின் மேல் விளிம்பு தட்டையே மறைத்துவிடும். அதனால் பவர் போட்ட கண்ணாடி தேவைப்படும் சுடுநர்கள் உயரமாக உட்காரும் பிரேம் எடுத்து, துப்பாக்கியைத் தோளில் வைத்த நிலையிலேயே லென்ஸின் நடுவைக் குறித்துக்கொள்வார்கள். உடைந்த தட்டுத் துண்டு முகத்தில் தெறிக்கலாம் என்பதால் லென்ஸ் பொலிகாபனேட்டில் இருக்கும். அது கண்ணாடி போலச் சிதறாது.

இதைத்தான் அந்த அம்மாவிடம் சொன்னேன். வலக்கை மட்டையாளன் தலையை இடப்பக்கம் திருப்பி நிற்பான். அவன் வலக் கண் மூக்கோரத்தால் பந்தைப் பார்க்கும். தடித்த பிரேம் என்றால் பந்து அதற்குள் மறைந்துபோகும். ஆகவே கடைக்குப் போகும்போது மகனை மட்டை பிடிக்கிற மாதிரி நிற்கச் சொல்லுங்கள். பிறகு பிரேமைப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். லென்ஸ் பொலிகாபனேட்தானா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பின்னால் எலாஸ்டிக் பட்டி வேண்டும். லெதர் பந்துக்கு இதோடு கம்பி வைத்த ஹெல்மெட்டும் கட்டாயம்.

நிறம் போட்ட லென்ஸ் வேண்டுமா என்று கேட்டார். சுடுகிறவர்கள் செம்மஞ்சள் தட்டு வானத்தில் பளிச்சென்று தெரிய வெளிச்சத்துக்கேற்ப நிறம் மாற்றுவார்கள். இங்கே மூன்று மணிக்கெல்லாம் கொத்மலைப் பக்கமிருந்து மூடுபனி ஏறிவிடும், கறுப்பு லென்ஸ் இருக்கிற வெளிச்சத்தையும் குடித்துவிடும். வெள்ளை லென்ஸே போதும், அந்தக் காசை நல்ல பிரேமுக்குப் போடலாம்.

பழைய கண்ணாடியை வீச வேண்டாம், வகுப்புக்கு அது இருக்கட்டும். விளையாட்டுக் கண்ணாடிக்கு அடுத்த சீட்டு வரும்வரை பொறுக்க வேண்டுமாம். அதுவரை அவனை ஸ்கோர் எழுத வைத்திருக்கிறேன். முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் எழுதுகிறான். பிள்ளைகளின் பொலிகாபனேட் பிரேம் யார் வீட்டிலாவது பாவிக்காமல் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். லென்ஸ் மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.